குடைக்கடியில் வைத்த கைரேகை

தகரம் அடிக்கும் எங்கள் கம்பெனியில் கேமரா உள்ள போனை கேட்டுக்குள் விடமாட்டார்கள். ஷிப்டு மாறினால் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் போனில்தான் சொல்வார். எடுக்காவிட்டால் அன்றைய வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். மழையில் நனைந்து என் பழைய போன் செத்ததும், ரீசார்ஜ் போடாமல் விட்டதில் நம்பரும் போனதும் அதனால் எனக்குப் பெரிய விஷயம்.

படப்பையில் ஒரு கடைக்குப் போய் கேமரா இல்லாத பட்டன் போன் கேட்டேன்.

"கேமரா இல்லாததா? எங்க ஆயாவே அத தொட மாட்டாங்கண்ணே," என்றார் கடைக்காரர்.

சிரித்து வைத்தேன். மெஷின் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டதால் மணி மட்டும் பலமாக அடிக்க வேண்டும் என்றேன். அவர் ஒன்றை எடுத்து அடித்துக் காட்டினார். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதையே வாங்கிக்கொண்டேன்.

சிம்முக்கு ஒரகடம் கூட்ரோட்டில் குடை விரித்து உட்கார்ந்திருந்த பையனிடம் போனேன். பேசுவதற்கு மட்டும், இருப்பதிலேயே குறைந்த பிளான் போதும் என்றேன். ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு கைரேகை மெஷினில் விரலை வைக்கச் சொன்னான். தகரம் பிடித்தும் பெயிண்ட் தின்னரில் கழுவியும் என் கட்டைவிரல் வழவழப்பாகிவிட்டது. ரேஷன் கடையிலும் சுலபத்தில் ரேகை விழாது. தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றிக்கொண்டுதான் வைப்பேன். அன்றும் அப்படியே வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது.

"விழலண்ணே. இன்னொரு வாட்டி வைங்க."

எரிந்ததைப் பார்த்தேன். கேட்க வாய் வரவில்லை. மறுபடி தலையில் தேய்த்து வைத்தேன். மறுபடியும் பச்சை. சிம்மைப் போட்டுக் கொடுத்தான்.

மறுவாரம் கேண்டீனில் இதைச் சொன்னதும், எங்கள் லைனில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"பச்சை எரிஞ்சா முடிஞ்சிட்டுல்லா அண்ணாச்சி? ரெண்டாவது எதுக்கு வச்சிய? அதுல உங்க பேர்ல இன்னொரு சிம் எடுத்திருப்பாம்லா."

அவர் ஊரில் ஒருவர் வீட்டுக்கு இப்படித்தான் போலீஸ் வந்ததாம். யாரோ அவர் பேரில் சிம் வாங்கி ஊரை ஏமாற்றியிருக்கிறான். ஆளைப் பிடிக்க முடியவில்லை, ஆதாரில் பேர் இருந்தவரைப் பிடித்துப் போனார்கள். ஷிப்டு முடிந்ததும் அந்தப் பையனைத் தேடிப் போனேன்.

கூட்ரோட்டில் குடையைக் காணவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் அந்த சிம் கம்பெனியின் ஷோரூமுக்குப் போனேன். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, என் பேரில் இன்னொரு நம்பர் ஓடுவதாகச் சொன்னாள். அதை நான் வாங்கவில்லை என்றேன். பாவம் பார்த்து நம்பரை எழுதிக் கொடுத்தாள். நிறுத்த வேண்டுமானால் கைரேகை வைக்க வேண்டும் என்றாள்.

வைத்தேன். சிவப்பு. தலையில் தேய்த்து வைத்தேன். சிவப்பு. வேறு விரல்களையும் வைத்துப் பார்த்தோம். எனக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

"ஒத்துக்கலண்ணா. ஆதார்ல ரேகைய புதுசா மாத்திக்கினு வாங்க," என்றாள். அதுவரை அந்த நம்பர் ஓடுமா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினாள்.

பஸ் ஸ்டாப்பில் நின்று அந்த நம்பரை அழுத்தினேன். ஒருவேளை யாரும் எடுக்காமல் அது சும்மா கிடக்கலாம் என்று ஒரு நினைப்பு. ஒரே மணியில் எடுத்தார்கள்.

"பேங்க்ல இருந்து பேசறோம். சொல்லுங்கம்மா, ஓடிபி நம்பர் வந்துச்சா?"

மரியாதையான, பொறுமையான குரல். யாரோ ஒரு அம்மாவின் அழைப்புக்காகக் காத்திருக்கிறான். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"யாரு?" என்றான். குரல் மாறியிருந்தது. கட் செய்துவிட்டேன்.

போனைச் சட்டைப்பையில் போடுவதற்குள் அது அடித்தது. அதே நம்பர். நான் கேட்டு வாங்கிய மணி. ஸ்டாப்பில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எடுக்கவில்லை. எடுத்தால் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவானோ என்று பயமாக இருந்தது.