கானாவுக்குப் போகிறவர்களுக்கு சத்தியபாமா எழுதிய ஆறு பக்கம்

சத்தியபாமா 1974ஆம் ஆண்டு மெல்பர்னுக்கு வந்தபோது அவளுக்கு நாற்பத்தொரு வயது. கணவர் வாசுதேவனுக்கு ரயில்வேயில் வரைபடம் வரையும் வேலை கிடைத்திருந்தது. அதற்கு முன் ஏழு வருடங்கள் இருவரும் மேற்கு ஆபிரிக்காவில், கானாவின் கடற்கரை ஊரான கேப் கோஸ்ட்டில் இருந்தார்கள். அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் அவள் கணிதம் கற்பித்தாள். மெல்பர்னில் அந்த அனுபவத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பட்டம் கொழும்பில் வாங்கியது, இங்கே இன்னொரு வருடம் படித்தால் பார்க்கலாம் என்று எழுதிவிட்டார்கள். அவள் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில், நகரும் பட்டியின் முன் நின்று பெட்டி நிரப்பும் வேலைக்குப் போனாள்.

அந்த நாட்களில் மெல்பர்னில் தமிழ்க் குடும்பங்கள் மிகக் குறைவு. 1976 நவராத்திரிக்கு மல்கிரேவில் ஒரு வீட்டில் எல்லோரும் கூடினார்கள். குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தபோதுதான் சத்தியபாமா இரஞ்சிதத்தைச் சந்தித்தாள். இரஞ்சிதம் தாதி. முப்பத்தொரு வயது. அவளுக்கு மகேந்திரராஜா என்ற பௌதிக ஆசிரியருடன் கலியாணம் பேசி முடிந்திருந்தது. அவர் கானாவில் செக்கொண்டி என்ற ஊரில் படிப்பித்தார். நவம்பரில் அவள் தனியாக விமானம் ஏறிப் போக வேண்டும்.

சுற்றி நின்ற பெண்கள் ஆளுக்கொரு பயத்தைச் சொன்னார்கள். பாம்பு, காய்ச்சல், களவு, பட்டாளத்தின் ஆட்சி. இரஞ்சிதத்தின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. சத்தியபாமா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"இதில ஆராவது அங்க போனனீங்களோ?"

ஒருத்தி வடைத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"நான் ஏழு வருசம் இருந்தனான். பிள்ளை, நீர் சனிக்கிழமை வீட்ட வாரும். ஒரு கொப்பியும் கொண்டு வாரும்."

சனிக்கிழமை இரஞ்சிதம் வந்தாள். சத்தியபாமா பெரிய எச்சரிக்கை எதுவும் சொல்லவில்லை. முதலில் கையைப் பற்றிப் பேசினாள்.

"எதையும் இடக்கையால குடுக்கக்கூடாது, வாங்கவும் கூடாது. நீர் எங்கட ஆள், அது பழக்கம்தான். ஆனா கையில பை கிடந்தா மறந்துபோயிடும். நான் முதல் நாள் தலைமை ஆசிரியைக்கு இடக்கையால கடிதத்தை நீட்டினனான். அந்த மனிசி ஒரு மாதம் என்னோட சிரிக்கேல்லை."

"வேற என்ன அக்கா?"

"கடைக்குப் போனா எடுத்தவுடன சவர்க்காரம் இருக்கோ எண்டு கேக்காதேயும். முதல்ல காலை வணக்கம். பிறகு சுகமோ, பிள்ளையள் சுகமோ. அதுக்குப் பிறகுதான் சவர்க்காரம். கன பேர் இருந்தா வலப்பக்கத்தில தொடங்கி ஒவ்வொருத்தருக்கும் வணக்கம் சொல்ல வேணும்."

இரஞ்சிதம் எழுதிக்கொண்டாள். லொறியும் வானும் ஆட்கள் நிரம்பினால்தான் புறப்படும், ஆகவே விடியவே போய் ஏறு. விமான நிலையத்தில் கையிலுள்ள காசுக்கு ஒரு படிவம் தருவார்கள், நாட்டை விட்டு வெளிக்கிடும்வரை அதைப் பத்திரமாக வைத்திரு. பாலத்தையும் துறைமுகத்தையும் பட்டாளக்காரரையும் படம் எடுக்காதே. சாப்பிடுகிறவர் உன்னை வா என்று கூப்பிட்டால் அது மரியாதை, நன்றி சொன்னால் போதும். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. தெரு கடக்கும்போது இங்கே போலவே முதலில் வலப்பக்கம் பார்.

மலேரியாக் குளிசையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் சத்தியபாமாவின் குரல் மாறியது. கிழமைக்கு ஒரு நாள், அதே நாள். போக முன்னமே தொடங்க வேண்டும். ஒருமுறைகூட விடக்கூடாது. மூன்றாம் முறையும் அதையே சொன்னபோது இரஞ்சிதம் சிரித்தாள்.

"அக்கா, நான் நேர்ஸ். எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்தான். புத்தகத்தில இருந்தது, டொக்டரும் சொன்னவர்." சத்தியபாமா மேசை விரிப்பை நேராக இழுத்துவிட்டாள். "எங்கட மகள் வதனிக்கு ரெண்டரை வயது. குளிசை கசக்குதெண்டு துப்பிப்போடுவாள். பாவமெண்டு ஒரு கிழமை விட்டம். பிறகு இன்னொரு கிழமை. ஆவணியில காய்ச்சல் வந்தது. நாலு நாள்தான். அங்கதான் கிடக்கிறாள், கேப் கோஸ்ட்டில."

இரஞ்சிதம் எழுந்து வந்து அவள் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். வாசுதேவன் உள்ளே இருந்து வந்து தேநீர் வைத்துவிட்டுப் போனார்.

அன்று இரஞ்சிதம் எழுதியது அவளுக்கே வாசிக்க முடியாத கிறுக்கலாக இருந்தது. ஆகவே சத்தியபாமா தானே இருந்து ஆங்கிலத்தில் ஆறு பக்கம் ஒழுங்காக எழுதிக் கொடுத்தாள். பள்ளிக்கூடப் பலகையில் எழுதுவதுபோல உருண்ட கையெழுத்து.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் இரஞ்சிதம் விமானச் சீட்டைக் காட்டியபோது சத்தியபாமா திகதியை இருமுறை பார்த்தாள். பயணம் பதினேழாம் திகதி. மஞ்சட்காய்ச்சல் ஊசி ஒன்பதாம் திகதிக்குத்தான் கிடைத்திருந்தது.

"எட்டு நாள்தானே வருது! ஊசி போட்டுப் பத்து நாள் போனால்தான் அந்த ஊசி அட்டை செல்லும்."

"அட்டை இருந்தாப் போதுமெண்டு ஏஜென்சிக்காரர் சொன்னவர் அக்கா."

"அவர் அக்ராவில இறங்கப் போறாரோ? வெளிக்கிடும், போவம்."

நகரத்தில், எலிசபெத் வீதியில் ஒரு சிறிய பயண முகவர் கடை அது. நடத்தியவர் டொனால்ட் என்ற நல்ல மனிதர். லண்டனுக்கும் ரோமுக்கும் ஆள் அனுப்பிப் பழகியவர். கானாவுக்கு அவர் சீட்டு எழுதியது அதுவே முதல் தடவை. இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்றார். சத்தியபாமா கோபப்படவில்லை. சுகாதாரத் திணைக்களத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள், நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லிக் கதிரையில் அமர்ந்துவிட்டாள். அவர் எடுத்தார். கேட்டார். காது சிவந்தது. அன்றே பயணத்தை இருபத்திரண்டாம் திகதிக்கு மாற்றினார். இரஞ்சிதத்தின் கையிலிருந்த ஆறு பக்கங்களைப் பார்த்துவிட்டு, ஒரு பிரதி எடுக்கலாமா என்றும் கேட்டார்.

1977 தை மாத நடுவில் செக்கொண்டியிலிருந்து தடித்த கடிதம் வந்தது.

அக்ரா விமான நிலையத்தில் அதிகாரி அட்டையிலிருந்த திகதியில் விரலை வைத்து நாட்களை எண்ணினாராம். நாள் போதாத இரண்டு பேரை ஓரமாக நிறுத்திவிட்டார்களாம். சேர்ச் மண்டபமொன்றில் இருபது பேர் முன்னிலையில் தாலி கட்டியாகிவிட்டது. சந்தைப் பெண்கள் அவளை நிறுத்தி வைத்து வணக்கம் சொல்லப் பழக்குகிறார்கள்.

"ஆனா அக்கா," என்று கடிதம் தொடர்ந்தது, "நீங்கள் சொன்னபடி வலப்பக்கம் பார்த்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். இடப்பக்கத்தால் லொறி வந்தது. இவர்தான் சட்டையில் பிடித்து இழுத்தார். நீங்கள் போய்ச் சில மாதங்களில் இங்கே வாகனம் எல்லாம் வலப்பக்கம் மாறிவிட்டதாம். சவர்க்காரத்துக்கும் பால்மாவுக்கும் இப்போது தட்டுப்பாடு. வணக்கம் எல்லாம் சரியாகச் சொன்னேன், ஆனால் சவர்க்காரம் இல்லை. வருகிறவர்களிடம் கொண்டுவரச் சொல்லுங்கள்."

சத்தியபாமா அந்த வரிகளை இன்னொருமுறை வாசித்தாள். தன் சொல்லை நம்பிய பிள்ளை லொறியில் அடிபடப் பார்த்தாளே. பிறகு கடைசித் தாளை எடுத்தாள். அதில் இருந்தவை மூன்று வரிகள்தான். போகிற வழியில் கேப் கோஸ்ட்டில் இறங்கினார்களாம். வதனியின் இடத்தைப் பள்ளிக்கூடப் பெண்கள் புல் வெட்டித் துப்புரவாக வைத்திருக்கிறார்களாம். இரஞ்சிதம் பூ வைத்தாளாம்.

வாசுதேவன் அந்தத் தாளை வாங்கி வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

அடுத்த நாளே சத்தியபாமா டொனால்டின் கடைக்குப் போனாள். "அந்தப் பக்கங்களைத் திருப்பித் தாருங்கள். மூன்றாம் பக்கத்தில் பிழை இருக்கிறது" என்றாள். அவர் அதற்குள் அதை நாலு பேருக்குக் கொடுத்திருந்தார். இருவரும் இருந்து நாலு பேருக்கும் தொலைபேசி எடுத்தார்கள். ஒருவரும் இன்னும் புறப்படவில்லை. கடைசி அழைப்பு முடிந்ததும் டொனால்ட், நீங்கள் இங்கேயே வேலைக்கு வரலாமே என்று கேட்டார். நைஜீரியாவுக்குப் போகிற ஆசிரியர்கள் வருகிறார்கள், சியரா லியோனுக்குச் சுரங்கக்காரர் வருகிறார்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார்.

"நைஜீரியா எனக்கும் தெரியாது," என்றாள் அவள்.

"தெரியாது என்று சொல்கிறீர்களே, அதுதான் எனக்கு வேண்டும்."

பிஸ்கட் தொழிற்சாலையை விட்டாள். கடையில் அவள் கொண்டுவந்த முதல் ஒழுங்கு, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் திகதி போடுவது. இரண்டாவது, போய்த் திரும்பி வந்த ஒவ்வொருவரையும் தேநீர் கொடுத்து இருத்தி, எது பிழை என்று கேட்பது. ஒரு சுரங்கக்காரர் ஃப்ரீடவுனில் மழை எத்தனை நாள் விடாமல் பெய்தது என்று சொல்லிவிட்டுப் போனார். லாகோஸிலிருந்து வந்த ஒரு கணக்காளர் தெரு நெரிசலைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினார். ஆறு பக்கம் இரண்டு வருடத்தில் முப்பதாயிற்று. ஆசிரியப் படிப்புக்கு இடம் தருவதாக 1978இல் கடிதம் வந்தபோது, வாசுதேவன் என்ன செய்யப் போகிறீர் என்று கேட்டார். "எனக்கு இப்ப வகுப்பு நடக்குதுதானே," என்று சிரித்தாள் அவள்.

1979 வைகாசியில் பல்லாரட் பக்கத்திலிருந்து ஒரு பண்ணைக்காரப் பெண்மணி வந்தார். அறுபத்தெட்டு வயது. விக்டோரியா மாநிலத்தை விட்டு வெளியே போனதில்லை. கானாவின் வடக்கே கிணறு தோண்டும் திட்டமொன்றில் வேலை செய்யும் மகளைப் பார்க்கப் போகிறார். அட்டை, ஊசி, குளிசை, படிவம் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்து தயங்கி நின்றார்.

"என்னை அவர்களுக்குப் பிடிக்குமா?"

சத்தியபாமா மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"கிராமத்துக்குள் போனதும் முதலில் இருக்கத் தருவார்கள். இருங்கள். தண்ணீர் தருவார்கள். இரண்டு கையாலும் வாங்குங்கள். பிறகு ஏன் வந்தீர்கள் என்று கேட்பார்கள். அப்போது, இவள் என் மகள், பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்."

அந்தப் பெண்மணி அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ட்ராம் வருகிறதா என்று பார்த்தபடி வீதியில் இறங்கினார்.