அவள் அழிக்க வேண்டிய பெயர்

பாறசாலைப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் சம்பள பில் போடுவது என் வேலை. எங்களில் யார் வீட்டிலாவது பெரிய நோய் வந்துவிட்டால் ஒரு தாள் சுற்றி வரும். கையெழுத்துப் போட்டவர்கள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் ஒரு சிறு தொகையைப் பிடித்து அந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். நான் ஒன்றும் பெரிய தர்மவதி இல்லை. இன்னொரு வேலை தலையில் விழுந்ததே என்று முணுமுணுத்துக்கொண்டுதான் செய்வேன்.

எங்கள் பியூனின் மகளுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனது. தாள் என் மேஜைக்கு வந்தபோது பார்த்தால், முதல் கையெழுத்தே அவனுடையது.

“எலே, உனக்குத் தாறதுக்கு உனக்க சம்பளத்திலயே பிடிக்கணுமா? கிறுக்கா உனக்கு?” என்று கத்தினேன். என்னைவிட நாலைந்து வயது இளையவன், அதனால் அந்த உரிமை உண்டு.

“எல்லாரும் தாறாங்க எக்கா. அப்பன் நான் மட்டும் எப்பிடி தராம இருக்கது?” என்றான்.

அவன் சம்பளத்திலும் பிடித்தேன். எல்லோருடைய சம்பளச் சீட்டிலும் கழிவுகளுக்கு நடுவே அந்தப் பெண்ணின் பெயர் ஒரு வரியாக வந்தது.

அவளுக்குப் பதினான்கு வயது. வாரம் இரண்டு தடவை அம்மாவோடு ரயிலில் திருவனந்தபுரம் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவாள். அம்மாவின் தோளில் ஒரு துணிப்பை, அதில் போர்வை, ஃபிளாஸ்க், ஆஸ்பத்திரிச் சீட்டுகள். திரும்பும் வழியில் அப்பாவோடு சேர்ந்து வீட்டுக்குப் போகலாம் என்று என் மேஜை அருகே வந்து உட்காருவார்கள். ஒருநாள் அவள் கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்துவிட்டாள்.

“இது எனக்க பேரு இல்லியா மாமி?”

“உனக்க பேருதானாக்கும்.”

“எல்லாருக்க சம்பளத்திலயும் உண்டா?”

“பின்னே? கலெக்டருக்குகூட இத்தனை விளம்பரம் கெடையாது.”

கைகொட்டிச் சிரித்தாள். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்.

“எனக்கு சுகமாவும்போ இதை எடுத்துருவீங்களா?”

“எடுக்காம? சும்மா தருவோமா உனக்கு?”

“அன்னைக்கு என்னைய விளிக்கணும் மாமி. நான்தான் அழிப்பேன்.”

“சரி மக்கா, விளிக்கேன்” என்று, அவளைக் கூப்பிடுவதாக வாக்குக் கொடுத்தேன்.

அந்த வருஷம் மழை பிடிப்பதற்கு முன்பே அவள் போய்விட்டாள்.

அடுத்த பில் போட உட்கார்ந்தபோது அந்தப் பெயர் வரை போனேன். அழிக்கக் கை வரவில்லை. அடுத்த மாதமும் அப்படியே, அதற்கடுத்த மாதமும் அப்படியே. அலுவலகத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. நிறுத்தச் சொல்லுகிற முதல் ஆள் தானாக இருக்கக் கூடாது என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். பணம் போனால் அந்த வீட்டுக்கு நல்லதுதானே என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். குழந்தைக்குக் கொடுத்த வாக்கை விட்டுவிட எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாவது பணம் போன மறுநாள், மத்தியானச் சோற்றில் கை வைத்திருந்தபோது அவன் வந்து நின்றான்.

“எக்கா, அதை நிறுத்திருங்க.”

“பைசா வந்தா கசக்குதா உனக்கு?” என்று கேட்டுவிட்டேன். என் வாயை என்ன சொல்ல.

அவனுக்குக் கோபம் வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பணம் போகிற கணக்கு மகள் பெயரில் இருந்தது. அவள் சிறுபிள்ளை என்பதால் பணம் வந்த தகவல் அம்மாவின் போனுக்கு வரும்.

“போன்ல சத்தம் கேட்டா உடனே அவ பையை எடுத்து வைக்கா எக்கா. போர்வை, ஃபிளாஸ்க், எல்லாம். செருப்பையும் போட்டுட்டு வாசல்ல வந்து நிக்கா. ‘பிள்ளைக்குப் பைசா வந்தாச்சு, ரயிலுக்கு நேரமாச்சு, அவளை எழுப்புங்க’ங்கா. மூணு மாசமாட்டு இதாக்கும். அடக்கம் பண்ணுன அன்னைக்குகூட அவ கண்ணுல ஒரு சொட்டு கண்ணீரு வரல்ல. கரையல்ல எக்கா.”

அவன் மனைவி இன்னும் அழவே இல்லை என்று கேட்டதும் சோற்றை மூடி வைத்தேன். மூன்று மாதமாக அந்தத் தாயைச் செருப்போடு வாசலில் நிற்க வைத்தது நான்தான். என் இளகிய மனசை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

கை கழுவிவிட்டு வந்து பில்லைத் திறந்தேன். மகள் என்னிடம் கேட்டதை அவனிடம் சொன்னேன்.

“எங்கிட்டயும் சொல்லியிருக்கா” என்றான். திரையில் அந்த வரியைப் பார்த்தபடி, “நம்ம அழிச்சா, அவ இனி வரமாட்டான்னு ஆயிரும் இல்லியா” என்றான்.

நான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

“அழிங்க எக்கா.”

ஒவ்வொருவர் சம்பளமாகத் திறந்து அந்த வரியை எடுத்தேன். என்னுடையதையும் எடுத்தேன். கடைசியில் அவனுடையது மட்டும் மிச்சம். என் கை நின்றதைப் பார்த்துவிட்டு, குனிந்து தானே அழிக்கும் பொத்தானை அழுத்தினான். அப்புறம் என் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டு ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு போனான்.

அடுத்த மாதம் சம்பளத்தன்று அவன் தாமதமாக வந்தான். நான் கேட்பதற்கு முன்பே சொன்னான்.

“காலையிலயே பையை எடுத்து வச்சிட்டு போனையே பாத்துட்டு இருந்தா எக்கா. சத்தம் வரல்ல. பெறகு பையைத் தொறந்து, போர்வையை எடுத்து முகத்தில வச்சா. அப்பம் கரைஞ்சா. இப்பமும் கரைஞ்சிட்டுதான் இருக்கா. பக்கத்து வீட்டுக்காரியை இருத்திட்டு வந்தேன்.”

அந்த மாதம் எனக்கு அந்தப் பிடித்தம் இல்லாமல் சம்பளம் வந்தது. அதை எடுக்க மனம் வர நாலு நாள் ஆனது.

அவனிடம் ஒன்றை மட்டும் நான் இதுவரை சொல்லவில்லை. அன்று அவன் குனிவதற்கு முன், என் கை நின்றதே, அது தயக்கம் இல்லை. வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா, வாய்க்குள்ளேயே அவளை ஒருமுறை விளித்தேன். இப்போதும் பில் போடும்போது அந்த இடம் வந்தால் கொஞ்சம் காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன்.