கண்ணாடிப் பூவுக்குச் சுற்றிய பூசணிக்காய்

நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு தாவரவியல் தோட்டத்தில் நான் களை எடுக்கிறேன். என் வீட்டுக்காரரும் அங்கேதான் காவலுக்கு இருந்தார். இடுப்பு விட்டுப்போன மனுஷனுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்ததே பெரிய விஷயம். போன வருஷம் கள்ளிச்செடிகளுக்கு நடுவில் ஒரு கண்ணாடிப் பூவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். உருக்கிய கண்ணாடியைக் குழாயில் வாய் வைத்து ஊதி ஊதியே செய்ததாம். நெஞ்சு உயரம், நீல இதழ்கள். முதல்நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். வெறும் மூச்சில் இப்படியும் ஒன்று முளைக்குமா!

ஞாயிற்றுக்கிழமையானால் கூட்டம். ஊர்க்கண்ணெல்லாம் அதன்மேல்தான். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். கண்ணாடிக்கு இரண்டுமே ஆகாது. அதனால் ஆயுத பூஜையன்று கடப்பாரைக்கும் மோட்டாருக்கும் பொட்டு வைத்த கையோடு, பூவுக்கும் பூசணிக்காய் சுற்றியே தீருவேன் என்று நின்றேன். மற்றவர்கள் பொரி வாங்கப் போயிருந்தார்கள். வீட்டுக்காரர் மட்டும் வேண்டாம் வேண்டாம் என்றார். நான் கேட்கிற ஆளா?

பூசணிக்காய்மேல் சூடம் ஏற்றி, பூவுக்கு நேரே தூக்கிச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் எரிகிற சூடம் சரிந்து என் மணிக்கட்டில் விழுந்தது. கையை உதறினேன். காய் பூவின் நடுவிலேயே போய் விழுந்தது.

அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்ல! கள்ளிமுள்ளெல்லாம் நீலச் சில்லு. அடிப்பாவி, காப்பாற்றப் போய் நீயே கொன்றுவிட்டாயே என்று உள்ளுக்குள் அலறினேன்.

சத்தம் கேட்டுத் தோட்டத்து முதலாளி ஓடி வந்தார். யார் போட்டது என்று கேட்டார். வீட்டுக்காரர் எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"நாந்தானுங்க போட்டேன். இவ வேணாம்னுதான் சொன்னா."

நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார் முதலாளி. வீட்டுக்கு வந்ததும் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று சண்டைக்குப் போனேன். என் கைப்புண்ணுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்:

"ரெண்டு பேருல ஒருத்தர் போயாவணும். உனக்கு அந்த வேலை புடிச்சிருக்குது."

இப்போது பாப்பாரப்பட்டிச் சந்தையில் மூட்டை தூக்குகிறார். நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் தினமும் முதலாளி முன்னால் போய் நிற்கிறேன். வணக்கம் வைத்துவிட்டுக் களை எடுக்கத் திரும்பிவிடுகிறேன்.