தன் சாவைத் தானே செத்தவர்

துப்பாக்கி வெடித்ததும் அமோஸ் டில்வொர்த் ஓடும் குதிரையிலிருந்து சரிந்து, புழுதியில் ஒருமுறை புரண்டு, கேமரா பக்கம் முகம் தெரியும்படி மல்லாந்து கிடந்தார்.

அறுபதைத் தாண்டியவர். டைரக்டர் ஹக்கின்ஸ் காலையிலேயே சொல்லியிருந்தார்: "அமோஸ், இன்னிக்குச் சரியா விழலேன்னா அடுத்த படத்துக்கு வேற வில்லன். கம்பெனி முடிவு, என்னைத் திட்டாதீங்க."

அமோஸ் குதிரை ஏறும்போதே, அவர் போட்டிருந்த அதே கறுப்புச் சட்டையில் டூப் ரஸ்டி வேலியோரம் தயாராக நின்றிருந்தான்.

"தாத்தா, எலும்பு பொறுக்க வாளி கொண்டுவரட்டுமா?"

"நாப்பது வருஷமா என் சாவை நான்தான் சாகறேன். நீ போய்க் காபி குடிடா."

உண்மைதான். ஒஹாயோவில் கூடார நாடகத்தில் தொடங்கியவர். ராஜாவாக, குடிகாரத் தகப்பனாக, ஆவியாக ஊர் ஊராகப் போனார். ஒருமுறை பாதி நாடகத்தில் கூடாரம் சரிந்தபோது, துணிக்கு அடியிலிருந்தே வசனத்தை முடித்தாராம். சினிமா வந்து கூடாரங்கள் காலியானதும் கலிபோர்னியாவுக்கு ரயிலேறினார். அதன்பிறகு மலிவுப் படங்களில் நிலம் பறிப்பவர், பேங்கைக் கொள்ளையடிப்பவர், கடைசி ரீலில் சுடப்படுபவர். தெருவில் பிள்ளைகள் "ஊ" என்று கூச்சலிட்டால் தொப்பியைக் கழற்றி வணங்குவார்.

நான் அந்தக் கம்பெனியின் குதிரைக்காரன். ஆளில்லாமல் ஓடிவரும் குதிரையைப் பாறைக்குப் பின்னால் பிடிப்பது என் வேலை. அன்று அது என் கைக்கு அகப்படாமல் திரும்பி, வந்த வழியே பாய்ந்தது. நேரே அமோஸை நோக்கி.

"எந்திரிங்க! ஓடுங்க!" ரஸ்டிதான் முதலில் கத்தினான்.

அமோஸ் அசையவில்லை. நாடகத்தில் செத்தவன் திரை விழும்வரை எழுந்திருக்கக் கூடாது. இங்கே திரை என்பது டைரக்டர் சொல்லும் "கட்". ஹக்கின்ஸோ வாயைத் திறந்தபடி நின்றார், சொல் வரவில்லை.

நான் ஓடினேன். கேமராவின் பார்வைக்கு ஓரடி வெளியே நின்றுவிட்டேன். உள்ளே கால் வைத்தால் காட்சி பாழ். அவர் செத்துக் காட்டியதும் வீண். கிடக்கும் ஆளைக் குதிரை மிதிக்காது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அது எப்போதும் உண்மையில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

குதிரை அவரைத் தாண்டிக் குதித்தது. குளம்பு கிளப்பிய மண் அவர் திறந்த கண்ணருகே விழுந்தது. கண் இமைக்கவில்லை.

"கட்," என்றார் ஹக்கின்ஸ் ஒருவழியாக.

அமோஸ் முழங்கையை ஊன்றி எழுந்தார். கேமராக்காரனிடம் கேட்டார்: "முகம் படத்துல விழுந்துச்சா?"

"மூக்குல ஒட்டின மண்ணுகூட விழுந்திருக்கு, சார்." அவன் யாரையும் சார் என்று அழைத்து நான் கேட்டதில்லை.

ஹக்கின்ஸ் வேலிப் பக்கம் திரும்பினார். "ரஸ்டி, அந்தச் சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போ. அடுத்த படத்துக்கும் இவர்தான்."

ரஸ்டி கழற்றினான். சட்டையை அமோஸின் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான்: "கிழட்டுப் பிசாசே, என் உசுரு போயிடுச்சு."

மறுநாள் மேகமூட்டம். வேலை மதியம்தான் தொடங்கியது. படத்தில் அமோஸ் சாவதற்கு முந்தைய காட்சி. தோள் வீங்கியிருந்ததால் கோட்டை நான் மாட்டிவிட்டேன். பேங்க் வாசலில் நின்று வசனம் பேசினார். பீன்ஸும் ரொட்டியும் சாப்பிட்டோம். வெளிச்சம் குறைந்ததும் குதிரைகளை லாரியில் ஏற்றினேன்.