எந்த நள்ளிரவு

தம்பி எல்லைக்குக் கிளம்பியது மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. சமாதானப் பேச்சு நடக்கும் ஓட்டலுக்குப் போகச் சொல்லி அக்காவுக்கு உத்தரவு வந்ததும் அதே நாள்தான். அவள் அரசாங்கத் தட்டச்சர்; பதினோரு வருட சர்வீஸ்.

பேருந்து நிலையத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே அவன் சிரித்தான்.

"நம்ம வீட்டுல ரெண்டு பேருக்கும் அடிக்கிற வேலைதான் அக்கா. நீ டைப் அடி, நான் ஆளை அடிக்கிறேன். யாரு முதல்ல சண்டையை முடிக்கிறாங்கன்னு பாப்போம்."

"வாயை மூடுடா. போனை சார்ஜ் போட்டு வை."

"நீ சீக்கிரம் அடிச்சு முடி. நான் அடிக்காமலே திரும்பி வந்துடறேன்."

ஓட்டலின் மூன்றாம் மாடியில் ஒரு நீள மேசை. இந்தப் பக்கம் ஏழு பேர், அந்தப் பக்கம் ஏழு பேர். அடுத்த அறையில் அவளும் கணினியும். பேனாவால் கிறுக்கிய திருத்தங்கள் வரும். அடித்து, அச்செடுத்து, இரு தரப்புக்கும் கொடுக்க வேண்டும். எந்த நாட்டின் பெயரை முதலில் போடுவது என்பதிலேயே இரண்டு நாள் போனது. 'தாக்குதலா', 'சம்பவமா' என்று இன்னும் மூன்று நாள். ஒவ்வொரு காற்புள்ளிக்கும் ஒரு சுற்று காபி வந்தது. எல்லையில் குண்டுகள் விழுந்துகொண்டே இருந்தன.

பதினோராம் தேதி மதியம் கடைசித் தாள் வந்தது. 'பன்னிரண்டாம் தேதி நள்ளிரவு முதல் இரு தரப்பும் தாக்குதலை நிறுத்தும்.' அவள் விரல்கள் நின்றன. தாளோடு வரைவு அதிகாரியிடம் போனாள்.

"சார், எந்த நள்ளிரவு? பன்னெண்டாம் தேதி பொறக்கும்போதா, முடியும்போதா?"

"ஏம்மா, ஒன்பது நாள் மல்லுக்கட்டி இப்பதான் எல்லாரும் தலையாட்டி இருக்காங்க. நீ வேற புதுசா முடிச்சுப் போடாதே. நள்ளிரவுன்னா நள்ளிரவுதான். அடிம்மா."

அடித்தாள். கையெழுத்தானது. கைகுலுக்கல், படம், இன்னொரு சுற்று காபி. தம்பி வந்துவிடுவான் என்று அவளும் ஒரு கோப்பை வாங்கிக் குடித்தாள்.

இவர்கள் பன்னிரண்டு பிறக்கும் நள்ளிரவு என்று படித்தார்கள். அவர்கள் பன்னிரண்டு முடியும் நள்ளிரவு என்று படித்தார்கள். நடுவில் ஒரு முழுப் பகல் இருந்தது. அந்தப் பகலில் இந்தப் பக்கத்து வீரர்கள் பதுங்குகுழியை விட்டு வெளியே வந்தார்கள். அந்தப் பக்கத்துப் பீரங்கிகள் இரவிலிருந்து ஓய்ந்திருந்தாலும் அவற்றுக்கு இன்னும் நேரம் இருந்தது. மதியம் ஒன்றரை மணிக்குப் பத்தொன்பது பேர். தம்பியும் அதில் ஒருவன்.

"நீயா அடிச்சே அதை?" என்று அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"ஆமா."

அம்மா தட்டைக் கழுவி, சோறு போட்டு வைத்தாள். அவள் சாப்பிட்டாள்.

தம்பி இறந்த பதினாறாம் நாள் மீண்டும் அதே மேசை, அதே பதினாலு பேர். 'வருந்தத்தக்க சம்பவம்' என்று அடித்ததும் அவள்தான். இனி எந்த ஆவணத்திலும் 'நள்ளிரவு' என்ற சொல் கூடாது, பதினொன்று ஐம்பத்தொன்பது என்றே எழுத வேண்டும் என்ற சுற்றறிக்கையையும் அவளே அடித்தாள். பிழை ஒன்றும் இல்லை. அவள் கல்லு மாதிரி இருக்கிறாள் என்று அறைக்குள் பேசிக்கொண்டார்கள். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. தம்பியின் போனுக்கு மட்டும் மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்துவந்தாள். ஏன் என்று யோசிக்கவில்லை.

ஒன்பது மாதம் கழித்து ராணுவத்திலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. சட்டை, சவரக் கத்தி, போன்.

மறுநாள் காலை அம்மா கேட்டாள்: "இதுல அவன் போட்டோ ஏதாவது இருக்குமா?"

"சார்ஜ் போட்டுப் பாரும்மா," என்றுவிட்டு வேலைக்குப் போனாள்.

பதினோரு மணிக்கு மேசை மேல் அவளுடைய போன் அதிர்ந்தது. திரையில் 'தம்பி'. பன்னிரண்டாம் தேதி காலையில் அவன் எழுதி, அந்த மலையில் சிக்னல் கிடைக்காமல் போகாது கிடந்த செய்தி, வீட்டில் போன் உயிர்பெற்றதும் கிளம்பி வந்திருந்தது. பழக்கத்தில், எங்காவது பிழை இருக்கிறதா என்று பார்த்தபடிதான் அவள் அதைப் படித்தாள்.

"அக்கா, ராத்திரிலேர்ந்து ஒரு வெடிச் சத்தம் இல்ல. எல்லாரும் வெளியே வந்து வெயில் காயறோம். நீதான் முதல்ல முடிச்சே. நல்லா அடிச்சிருக்கே."