வெஸ்ட்லி பங்கரில் ஒரு கட்டில்

ஈராக்கில் பயங்கர ஆயுதங்கள் இருக்கின்றன என்று உறுதிசெய்தவர்களில் நானும் ஒருவன். ஈராக் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காமல், மேற்கு மாம்பலத்து மொட்டைமாடி அறையில் உட்கார்ந்தபடியே இதைச் சாதித்தேன். 2002 டிசம்பரில், நான் எழுதும் வாரப்பத்தியில் முக்கால் பக்கம். ஆதாரம் இரண்டு: ஓர் ஆங்கில இதழில் வந்த, அம்புக்குறிகள் போட்ட வரைபடம், குவைத்தில் மூன்று வருஷம் கணக்கெழுதிவிட்டு வந்த என் சகலை. ‘கதவைத் திறக்கத் தயங்குகிறவன் வீட்டில் கட்டாயம் ஏதோ இருக்கிறது’ என்று முடித்திருந்தேன். பாராட்டி நான்கு கடிதங்கள் வந்தன. அதில் ஒன்று சகலையின் தம்பி எழுதியது என்று பிறகு தெரிந்தது.

2003 பிப்ரவரி 13, வியாழன். பிற்பகல் இரண்டரைக்கு ஓஸ்லோவில் இறங்கினேன். வெளியே மைனஸ் ஒன்பது. இங்குள்ள தமிழர்கள் பொங்கல் விழாவை ஒரு மாதம் தள்ளி வைத்திருந்தார்கள். மண்டபம் அப்போதுதான் கிடைத்ததாம். அதில் நகைச்சுவை உரையாற்ற வந்திருந்தேன். விமான நிலையத்திலிருந்து நகரம் ஐம்பது கிலோமீட்டர். பிறகு மெட்ரோவில் ஐந்தாம் தடத்தின் கடைசி நிலையமான வெஸ்ட்லிக்கு அரை மணி நேரம். சீட்டு இருபத்திரண்டு குரோனர். ஒரு குரோனர் ஏழு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு என்று தெரிந்ததிலிருந்து, ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பதைக்கூடச் சிக்கனமாகவே செய்தேன்.

அழைத்துப்போக வந்தவர் சிவநேசன். யாழ்ப்பாணத்துக்காரர், எண்பத்தேழில் அகதியாக வந்தவர். வெஸ்ட்லியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ‘வாக்ட்மெஸ்தர்’. பனி வழிப்பதிலிருந்து பல்பு மாற்றுவதுவரை எல்லாம் அவர் பொறுப்பு. “கால் கவனம் அண்ணை, உதிலை ஐஸ்” என்றார். அவர் சொல்லி முடிக்குமுன் நான் அந்த ஐஸின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி. காலை ஒன்பது மணிக்கு அழைப்புமணி அடித்தது. வாசலில் அறுபது வயது மதிக்கத்தக்க பெண்மணி. பெயர் இங்கெர், கையில் டார்ச், அட்டையில் செருகிய படிவம். அந்நாளைய சோவியத் பயத்தில் இங்கே பல குடியிருப்புகளின் நிலவறையில் குண்டுக்குப் பதுங்கும் அறை கட்டிவைத்திருக்கிறார்கள். சிவநேசன் அதைப் பங்கர் என்றுதான் சொல்கிறார். அவர் ஊரில் குண்டுக்குப் பயந்து முற்றத்தில் மண்வெட்டியால் வெட்டியதற்கும் அதே பெயர்தானே. சமாதான காலத்தில் அதில் சாமான் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மூன்று நாளில் காலி செய்யக்கூடியதாக இருக்க வேண்டும், அவசர வழியை மறைக்கக் கூடாது. அதைத்தான் இங்கெர் சோதிக்க வந்திருந்தார்.

சிவநேசன் முகம் மாறியது. இங்கெரைக் கோப்பி குடிக்கச் சொன்னார். குடித்தார். இன்னொரு கோப்பி என்றார். அதையும் குடித்தார். சாவி எங்கோ வைத்துவிட்டேன் என்றார். சாவி அவர் இடுப்பில் தொங்கியது. நானும் பார்த்தேன், இங்கெரும் பார்த்தார். கதவைத் திறக்கத் தயங்குகிறவன் பற்றி நான் எழுதியது நினைவுக்கு வந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், உள்ளே ஏதோ இருக்கிறது என்று நானும் நிச்சயமாக நம்பினேன்.

இருந்தது. கனத்த இரும்புக் கதவு திறந்தபோது பனிச்சறுக்குக் கட்டைகள், கார் டயர்கள், இரண்டு அரிசி மூட்டை, எல்லாவற்றுக்கும் அப்பால் அவசர வழியை அடைத்துக்கொண்டு ஒரு கட்டில். ஆஸ்பத்திரிகளில் இருப்பதுபோல் தலைப்பக்கம் உயர்த்தக்கூடியது, மோட்டார் வைத்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது.

சிவநேசன் மேலே போய் ஐந்தாம் மாடிக்காரரைக் கூட்டிவந்தார். கரீம், பாக்தாத்காரர், பேருந்து ஓட்டுகிறார். நார்வேஜியனில் அவர் சொன்னதைச் சிவநேசன் எனக்குச் சொன்னார். “அவரின்ரை அம்மாவுக்கு வாங்கினது அண்ணை. நாரிப் பிடிப்பு, இடுப்பு நோகும், தட்டையாப் படுக்கேலாது. மார்ச் கடைசியிலை பக்கத்து நாட்டிலை, அம்மான் நகரத்திலை விசா இன்ரவியூ. சண்டைக்கு முன்னம் கூப்பிட்டிடவேணும் எண்டு நிக்கிறார். இவரின்ரை வீடு ஒரு அறைதான், அம்மா வந்தாப் பிறகுதான் தன்ரை கட்டிலை எடுத்திட்டு இதைப் போடுவார். நான்தான் இஞ்சை வையும் எண்டனான்.”

கரீம் எங்களைப் பார்க்கவில்லை. இங்கெரின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கெர் அவசர வழியை நாடாவால் அளந்தார். கதவின் ரப்பர் பட்டியைத் தடவிப் பார்த்தார். கட்டிலை ஒரு மீட்டர் நகர்த்தச் சொன்னார். நான்கு பேரும் தள்ளினோம். என் பங்களிப்பு பெரும்பாலும் முனகல். பிறகு படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். ஏப்ரல் பதினைந்தில் மறுபடி வருவார். அதற்குள் அம்மா வந்துவிடட்டும், கட்டிலை மேலே எடுத்துவிடலாம். இவ்வளவுதான். மொத்தம் நாற்பது நிமிடம், கோப்பியும் சேர்த்து.

படியேறும்போது, இப்படியும் ஒரு சோதனையா என்று சிவநேசனிடம் வியந்தேன். அவர் நின்றார்.

“எங்கடை வீட்டையும் ஆமிக்காரர் ஆயுதம் தேடிச் சோதிச்சவங்கள் அண்ணை. மூண்டு தரம். அப்பாவைக் கொண்டு வாழைக்குக் கீழை எல்லாம் கிண்டுவிச்சவங்கள். ஒண்டும் இல்லை. இல்லையெண்டா விட்டிடுவாங்கள் எண்டு நினைச்சம். அடுத்த கிழமை ஷெல் குண்டு அடிச்சவங்கள்.” சாவிக்கொத்தைக் கையில் உருட்டினார். “இல்லாததை எப்பிடி அண்ணை காட்டுறது?”

என் முக்கால் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை.

அன்று மாலை நான்கு மணிக்கு மேல் தொலைக்காட்சியில் நியூயார்க். ஈராக்கில் ஆயுதங்களைத் தேடும் சர்வதேச ஆய்வுக் குழுவின் தலைவர் அறிக்கை வாசித்தார். கரீமும் வந்து சோபா விளிம்பில் உட்கார்ந்தார். அந்த ஆயுதங்கள் இதுவரை கிடைக்கவில்லை, சில காலி எறிகுண்டுகள் தவிர, கணக்கில் வராதவை இன்னும் உண்டு, வேலை நடக்கிறது. எனக்குப் புரிந்தவரை அவர்கள் வேண்டியது அவகாசம். இங்கெர் ஒரு கட்டிலுக்கு யோசிக்காமல் கொடுத்ததுதான். அதைக் கொடுக்க உலகின் மிகப் பெரிய ராணுவத்துக்கு மனமில்லை. வெயில் ஏறினால் விஷவாயுத் தடுப்பு முகமூடி உடையோடு போரிடுவது சிரமம், அதற்குள் தொடங்கிவிட வேண்டும் என்று ஒரு நிபுணர் விளக்கினார். கரீமின் தாய் பிழைப்பது பாலைவனத்தின் பருவநிலையைப் பொறுத்திருக்கிறது என்பதை இவ்வளவு நாகரிகமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஓர் ஏவுகணையின் விலை ஏறத்தாழப் பத்து லட்சம் டாலராம். செலவு என்றால் அதைத்தான் சொன்னார்கள். ஐந்தாம் மாடியை எந்தச் செலவுக் கணக்கிலும் சேர்க்கவில்லை. போரைப் பற்றிக் கருத்து வைத்திருந்த எங்களில் யாருக்கும் அது ஒரு பைசா செலவு வைக்கவில்லை. எனக்குச் சன்மானமே கிடைத்தது.

பிப்ரவரி 15, சனி. நகர மையத்தில் போருக்கு எதிரான ஊர்வலம். குழந்தை வண்டிகளோடும் நாய்களோடும் பெருங்கூட்டம். யாரோ என் கையில் ஓர் அட்டையைத் திணித்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே இரண்டு மணி நேரம் பிடித்திருந்தேன். எழுத்து வாழ்க்கையில் நான் உருப்படியாகத் தூக்கிய முதல் வாசகம் அதுவாக இருக்கலாம். கரீம் வரவில்லை. சனிக்கிழமை ஷிஃப்ட், தவிர, அம்மா தொலைபேசியில் கிடைக்கும் நேரம் அது. மாலை விழாவில் நாற்பது நிமிடம் நகைச்சுவையாகப் பேசினேன். சிரித்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள் விருந்தினரைக் கைவிடுவதில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு. கிளம்பும்போது கீழே போய் ஒருமுறை பார்த்தேன். யாரோ கட்டிலின் மேல் ஒரு பழைய கம்பளியைப் போர்த்தியிருந்தார்கள். விமானத்தில் நினைத்துக்கொண்டேன்: நம் ஊரில் மின்கணக்கு எடுக்க வருகிறவருக்குக் கதவு திறக்க இரண்டு நிமிடம் தாமதித்தால், அவர் ‘பூட்டியிருந்தது’ என்று எழுதிவிட்டுப் போவார். அதற்குமேல் எதுவும் செய்யமாட்டார். அவரையும் மரியாதையாக நினைக்க ஆரம்பித்தேன்.

மார்ச் 20 அன்று குண்டுகள் விழுந்தன. ஏப்ரல் மூன்றாம் வாரம் சிவநேசனுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினேன். விசா இன்டர்வியூ நாள் போய்விட்டது. பாக்தாத்துக்குத் தொலைபேசி மணியே அடிப்பதில்லை. கரீம் தினமும் வேலை முடிந்து வந்து எண்ணைச் சுழற்றிப் பார்க்கிறார். இங்கெர் சொன்ன தேதியில் வந்தாராம். கம்பளியை விலக்காமலே பார்த்துவிட்டு, இன்னும் மூன்று மாதம் எழுதிக்கொடுத்தாராம்.

டிசம்பரில் எழுதியதைச் சொன்னேன், வரைபடம், சகலை உட்பட. அடுத்த வாரம் ஒரு முழுப் பக்கம் எழுதிப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கப்போகிறேன், கரீமிடமும் பெயர் சொல்லியே கேட்கிறேன் என்றேன்.

“எழுதுங்கோ அண்ணை” என்றார் சிவநேசன். “ஆனா அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.”