அந்த உலகத்தில் கன்டெய்னர் லாரி இல்லை

திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டரில், கூட்டம் இல்லாத மதியங்களில் ஒரு கேம் ஆடுவேன். வாளும் குதிரையும் மந்திரமும் நிறைந்த பெரிய உலகம். கண்ணுக்குத் தெரிகிற எந்த மலை மேலும் ஏறிப் போகலாம். மேப்பில் ஒரு ஊரை மவுஸால் அழுத்தினால் அடுத்த நொடி அங்கே நிற்கலாம். அந்தச் சுகத்துக்கு ஈடே இல்லை.

ஆனால் ஒரு கிராமத்தில் கிழவர் ஒருவர் சாகக் கிடப்பார். மூலிகையோடு உடனே வா என்பார்கள். வேண்டுமென்றே ஊர் சுற்றிவிட்டு எத்தனை நாள் கழித்துப் போனாலும் அவர் அப்படியே இருமிக்கொண்டிருப்பார்.

"இன்னாடா கேம் இது, அந்தாளு சாவவே மாட்டேன்றான்" என்று என் தோஸ்து சிரிப்பான். சுத்த ஏமாற்று என்று நானும் திட்டியிருக்கிறேன்.

அப்பாவுக்கு மூச்சு முட்டிய அன்று, ஆட்டோவில் ராயபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. இறங்கிப் போய் ஒவ்வொரு லாரியின் கதவையும் தட்டினேன்.

"நான் இன்னா பண்றது தம்பி, ஆர்பர் கேட்டு தொறந்தாதான் வண்டி நவுரும்" என்றார் ஒரு டிரைவர்.

மறுபடி ஆட்டோவில் ஏறி அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அந்தக் கேமைச் செய்தவன் எவனோ, அவன் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அவன் உலகத்தில் ரோடெல்லாம் காலி.

"வந்துட்டமா, நைனா?" என்று கண்ணைத் திறக்காமல் கேட்டார் அப்பா.

"வந்துட்டோம்பா" என்றேன். முன்னால் நின்ற லாரி இன்னும் இன்ஜினைக்கூட ஸ்டார்ட் செய்யவில்லை.